11 சிகிச்சை மையங்கள், 28 நோயாளிகள்: ஓர் அரசின் உதவியை எந்தக் கோலால் அளப்பது?

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில், எபோலா நோயாளிகளுக்கென்று அமெரிக்கா 11 சிகிச்சை மையங்களைக் கட்டிக் கொடுத்தது. அந்த 11 மையங்களிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் மொத்தம் 28 பேர். 9 மையங்களின் வாசலை ஓர் எபோலா நோயாளிகூட மிதிக்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளேடு இந்தக் கணக்கை வெளியிட்டபோது, படித்தவர்களுக்கு உடனே தோன்றிய கேள்வி ஒன்றுதான். இத்தனை பணமும் வீணா?

கேள்வி நியாயமானது. கொடுத்தது மக்களின் வரிப்பணம். அமெரிக்க நாடாளுமன்றம் 2014 டிசம்பரில் எபோலாவுக்கென அவசர நிதியாக ஏறத்தாழ 5.4 பில்லியன் டாலரை ஒதுக்கியது. உள்நாட்டுத் தயார்நிலைக்கும் வெளிநாட்டு உதவிக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை அது. ஆனால் மறுபக்கத்தில் நின்று பேசியவர்களும் சும்மா இருக்கவில்லை. "அமெரிக்கா இறங்கியிராவிட்டால் பல லட்சம் பேர் இறந்திருப்பார்கள்" என்றார்கள் அவர்கள். ஒரே நிகழ்ச்சி, இரண்டு தீர்ப்புகள்.

ஒரு நாடு இன்னொரு நாட்டின் கொள்ளைநோய்க்குக் கை கொடுக்கும்போது, அது காலத்தில் செய்த உதவியா, பேருக்குச் செய்த உதவியா என்பதை எப்படிச் சொல்வது? அனுப்பிய ஆட்களை எண்ணுவதா? செலவிட்ட டாலரை எண்ணுவதா? காப்பாற்றிய உயிர்களை எண்ணுவதென்றால், காப்பாற்றப்பட்ட உயிர் என்பது நடக்காமல் போன ஒரு மரணம். நடக்காததை எண்ணுவது எங்ஙனம்?

எபோலாவின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இதற்கு விடை தேட முடியும். இந்தக் கிருமி ஒருவர் உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 2 முதல் 21 நாள்கள் வரை ஆகலாம். அறிகுறி தெரியும்வரை அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சளிக்காய்ச்சல்போல் காற்றில் பறந்து பரவுகிற நோயும் அல்ல. இரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற உடல்நீர்களைத் தொடுவதால் பரவும். நோய் முற்ற முற்ற கிருமியின் அளவும் ஏறும். இறந்தவரின் உடலில் அது உச்சத்தில் இருக்கும். ஆகவே எபோலாவை அடக்கச் செய்ய வேண்டிய வேலைகள் மருத்துவ ரீதியில் புதிரானவை அல்ல: நோயாளியைக் கண்டுபிடி, தனிமைப்படுத்து, அவரைத் தொட்டவர்களை 21 நாள்கள் கண்காணி, இறந்தவரைப் பாதுகாப்பாக அடக்கம் செய். ஆயிரம் பேருக்கு முன்னால் இதைச் செய்தால் சில நூறு பேர் போதும். பத்தாயிரம் பேரான பிறகு செய்ய ஒரு படையே வேண்டும்.

இதனால்தான், எந்த அரசின் உதவியை மதிப்பிட்டாலும் காசோலையைப் பார்க்கும் முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாள்காட்டி சொல்லும் சாட்சி

2013 டிசம்பரில், கினி நாட்டின் மெலியாண்டு என்ற சிற்றூரில் ஒரு குழந்தை இறந்தது. இந்தத் தொற்றின் முதல் மரணமாகப் பின்னர் கணிக்கப்பட்டது அதுதான். நோயின் பெயர் எபோலா என்று தெரியவே மூன்று மாதங்கள் ஆகின. 2014 மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 31 அன்றே, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, "இப்படிப் பரந்து பரவியதை இதுவரை கண்டதில்லை" என்ற பொருளில் எச்சரித்தது. அமெரிக்காவும் அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. சிடிசி எனப்படும் அதன் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கினிக்கு ஒரு சிறு குழுவை அனுப்பியது. மே மாதத்தில் நோயாளிகள் குறைந்ததுபோல் தோன்றியது. குழுவும் ஊர் திரும்பியது.

அது நோய் தணிந்த அமைதி அல்ல. சாம்பலுக்குள் கங்கு இருந்தது. பயந்துபோன மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். கணக்கில் வராத நோயாளிகள் எல்லை தாண்டி சியாரா லியோனுக்கும் லைபீரியாவுக்கும் போனார்கள். ஜூன் 21 அன்று, "நிலைமை கைமீறிவிட்டது" என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வெளிப்படையாகச் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசரநிலையை அறிவித்ததோ ஆகஸ்ட் 8 அன்று. அதற்குள் 900க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டனர்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான இந்த மாதங்கள்தாம் வழக்கின் முக்கியச் சாட்சி. முதல் குற்றம் உலகச் சுகாதார நிறுவனத்தின் மீது விழுகிறது. அதை அந்நிறுவனத்தைப் பற்றி எழுதிய விசாரணைக் குழுக்களே சொல்லிவிட்டன. ஆனால் சொந்தமாக நோய்ப் புலனாய்வாளர்களையும் ஆய்வுக்கூடங்களையும் வைத்திருக்கும் ஒரு வல்லரசு, "மணி அடிக்கட்டும், பிறகு ஓடுவோம்" என்று காத்திருந்தது சரியா?

ஆகஸ்ட் மாதம் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் நடந்தது என்ன? ஆகஸ்ட் 17 அன்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே 120 படுக்கைகளுடன் ஒரு மையத்தைத் திறந்தது. திறந்த வேகத்தில் நிரம்பியது. படுக்கைகளைக் கூட்டிக்கொண்டே போயும் போதவில்லை. கடைசியில் நாளுக்கு அரை மணி நேரம் மட்டுமே வாசலைத் திறக்கும் நிலை வந்தது. முந்தைய இரவு இறந்தவர்கள் விட்டுச்சென்ற படுக்கைகளில் எத்தனை பேரைக் கிடத்த முடியுமோ அத்தனை பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் வாசலிலேயே கிடந்தார்கள், அல்லது வீடு திரும்பித் தம் குடும்பத்துக்குக் கிருமியைக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று லைபீரிய அரசு வெஸ்ட் பாயிண்ட் என்ற நெரிசலான குடிசைப் பகுதியையே அடைத்து, படையினரைக் காவல் வைத்தது. கலவரம் மூண்டது. துப்பாக்கிக் குண்டுபட்டு ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பு விலக்கப்பட்டது.

செப்டம்பர் 2 அன்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் அனைத்துலகத் தலைவர் ஜோன் லியூ ஐக்கிய நாட்டு மன்றத்தில் பேசினார். இராணுவங்களிடமிருந்து எப்போதும் எட்டி நிற்கும் ஓர் அமைப்பு, "கிருமி ஆபத்தைக் கையாளத் தெரிந்த இராணுவக் குழுக்களை அனுப்புங்கள்" என்று கேட்டது. அப்படிக் கேட்க வேண்டி வந்ததே நிலைமையைக் காட்டுகிறது. அமெரிக்காவின் முதல் பதில், செப்டம்பர் 8 அன்று அறிவித்த 25 படுக்கை மருத்துவமனை ஒன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அதுதான். மறுநாளே லைபீரிய அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அதிபர் ஒபாமாவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். நேரடி உதவி வராவிட்டால் இந்தப் போரில் தோற்றுவிடுவோம் என்பது அதன் சாரம்.

செப்டம்பர் 16 அன்று ஒபாமா அட்லாண்டாவில் உள்ள சிடிசி தலைமையகத்திலிருந்து பெரிய அறிவிப்பை வெளியிட்டார். சுமார் 3,000 படையினர், தலா 100 படுக்கைகள் கொண்ட 17 சிகிச்சை மையங்கள், வாரத்துக்கு 500 சுகாதார ஊழியர்கள் வரை பயிற்சி. அதுவரை எந்த அரசும் இந்த அளவில் இறங்கியதில்லை. இரண்டு நாள் கழித்து, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் இந்த நோயை உலக அமைதிக்கே மிரட்டல் என்று தீர்மானம் போட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. லைபீரியாவில் அந்நாள்களில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 வாரங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. 100 பேர் 3 வாரத்தில் 200. 6 வாரத்தில் 400. 9 வாரத்தில் 800. ஆகஸ்ட் 8 அவசரநிலை அறிவிப்புக்கும் செப்டம்பர் 16 அறிவிப்புக்கும் இடையே 39 நாள்கள். கிட்டத்தட்ட இரண்டு இரட்டிப்பு. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனை போதுமென்றிருந்தால், செப்டம்பர் நடுவில் நான்கு வேண்டும். 17 மையங்கள் என்ற அந்தப் பெரிய எண், அமெரிக்காவின் தாராளத்தை மட்டும் காட்டவில்லை. தாமதத்துக்கு அது கட்டிய வட்டியையும் காட்டுகிறது.

கட்டடம் எழும்பியபோது காய்ச்சல் இறங்கியது

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மன்ரோவியாவில் நோய் செப்டம்பர் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. வாரத்துக்கு 300க்கும் மேலாக இருந்த புதிய நோயாளிகள் நவம்பரில் மளமளவெனக் குறைந்தனர். அமெரிக்கப் படையினர் கட்டிய முதல் மையம், டப்மன்பர்க் நகரில், நவம்பரில்தான் திறந்தது. காட்டுப் பாதை, மழைக்காலம், இறக்குமதிப் பொருள்கள் என்று ஒவ்வொன்றும் நாளை இழுத்தன. மையங்களின் எண்ணிக்கை 17லிருந்து குறைக்கப்பட்டது. ஆனால் அடுத்தடுத்த மையங்களின் வேலை நோய் இறங்கிய பின்னும் தொடர்ந்தது. இன்னொன்றையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் படையினர் நோயாளி யாரையும் தொட்டுச் சிகிச்சை செய்யவில்லை. கட்டினார்கள், பொருள் ஏற்றி இறக்கினார்கள், பயிற்சி தந்தார்கள். சுகாதார ஊழியர்களுக்கென்று அமைத்த மன்ரோவியா மையத்தில் மட்டும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையைச் சேர்ந்த மருத்துவர்களும் தாதியரும் பணிபுரிந்தனர்.

அப்படியானால் நோயை இறக்கியது யார்? முதலில் லைபீரிய மக்களே. கை குலுக்குவதை நிறுத்தினார்கள். கடை வாசலிலும் அலுவலக வாசலிலும் குளோரின் கலந்த நீர் வாளிகளை வைத்தார்கள். தெருவுக்குத் தெரு இளைஞர்கள் குழு அமைத்து, யார் வீட்டில் காய்ச்சல் என்று கணக்கெடுத்தார்கள். இது எந்த வல்லரசும் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாத சரக்கு.

ஆனால் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. 28 நோயாளிகள் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க உதவி முழுவதையும் கேலி செய்பவர்கள், அதே உதவியின் இன்னொரு பாதியைப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சிக் கேமராவுக்கு எடுப்பாகத் தெரியாத பாதி அது.

ஆய்வுக்கூடம் அவற்றுள் ஒன்று. காய்ச்சலோடு வருகிறவருக்கு மலேரியாவா எபோலாவா என்று தெரியாமல் வைத்திருந்தால், மலேரியாக்காரருக்கும் எபோலா தொற்றும். ஆரம்பத்தில் இரத்த மாதிரியைத் தொலைதூரத்துக்கு அனுப்பி, விடைக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் நடமாடும் ஆய்வுக்கூடங்கள் அக்டோபர் தொடக்கத்தில் மன்ரோவியாவிலும் போங் மாவட்டத்திலும் வேலையைத் தொடங்கியபோது, விடை சில மணி நேரத்தில் கிடைத்தது. இரண்டு சின்னக் கூடங்கள், ஒரு சில வல்லுநர்கள், அவ்வளவுதான். ஆனால் வந்தது நோய் உச்சத்தில் இருந்த நேரத்தில்.

இன்னொன்று, இறந்தவர்களை அடக்கம் செய்த குழுக்கள். இது சற்று நின்று பேச வேண்டிய விஷயம்.

லைபீரியாவில் இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு அழுது, வழியனுப்பி வைப்பது மரபு. எபோலாவுக்கு அதைவிடத் தோதான வாய்ப்பு வேறில்லை. 2014 ஆகஸ்டில் உடல்கள் தெருவில் கிடக்க, மன்ரோவியா பகுதியில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அங்கே எரியூட்டும் வழக்கமே இல்லை. அதற்குப் பயன்பட்டது, அங்கு வாழும் சிறிய இந்தியச் சமூகம் தங்கள் சடங்குக்காக மன்ரோவியாவுக்கு வெளியே வைத்திருந்த மயானம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு எரியூட்டல் என்பது பிள்ளை செய்யும் கடமை. லைபீரியத் தாய்க்கோ அது மகனை இரண்டாம் முறை இழப்பது. அந்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை, குடும்பத்தோடு போய்க் கல்லறையைத் துப்புரவு செய்து அலங்கரிக்கும் நாள். எரித்துவிட்டால் எந்தக் கல்லறைக்குப் போவது? ஆகவே உடலை எரித்துவிடுவார்களே என்று பயந்து, நோயாளியை வீட்டில் ஒளித்தார்கள். இரவோடு இரவாகப் புதைத்தார்கள். கிருமியைத் தடுக்கப் போட்ட ஆணையே கிருமிக்கு வழி திறந்தது.

இதை மாற்ற வேண்டியிருந்தது. யுஎஸ்எய்ட் எனப்படும் அமெரிக்க மேம்பாட்டு நிதி அமைப்பின் பணத்தில், உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட அடக்கக் குழுக்கள் நாடு முழுவதும் இயங்கின. வாகனம், பாதுகாப்பு உடை, சம்பளம் எல்லாம் வந்தன. டிசம்பர் கடைசியில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டு, கட்டாய எரியூட்டல் நின்றது. கிறிஸ்துவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே இடம் இருந்தது. குடும்பத்தார் எட்ட நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், பெயர் எழுதலாம். உடல்களைச் சுமந்த அந்த இளைஞர்களில் பலரை அவர்களுடைய சொந்தத் தெருவே ஒதுக்கி வைத்தது என்பது தனிக் கதை.

11 கட்டடங்கள் செய்யாத வேலையை இவை செய்தன. அதே அரசு, அதே ஆண்டு, அதே நாடு. ஒன்று தாமதமாக வந்து காலியாகக் கிடந்தது. மற்றொன்று வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நின்றது. "அமெரிக்காவின் உதவி" என்று மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

14 லட்சம் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 செப்டம்பரில் சிடிசி வெளியிட்ட கணிப்பு, எதுவுமே மாறாவிட்டால் அடுத்த ஜனவரிக்குள் லைபீரியாவிலும் சியாரா லியோனிலும் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம் என்றது. மூன்று நாடுகளிலும் கடைசியில் பதிவானது சுமார் 28,600 நோயாளிகளும் 11,300 மரணங்களும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்கா காப்பாற்றிய உயிர்களாகக் காட்டுவது நேர்மையான கணக்கல்ல. அந்தக் கணிப்பு, மக்கள் தங்கள் நடத்தையை மாற்றவே மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு போட்டது. உலகை உலுக்கி எழுப்பியது என்ற அளவில் அது பயன்பட்டது. மதிப்பெண் போடும் தாளில் அதற்கு இடமில்லை.

பால்மரக் காட்டில் ஒரு பாடம்

உதவி சரியான நேரத்தில் வந்தால் எவ்வளவு குறைவாக வேண்டியிருக்கும் என்பதற்கு லைபீரியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் புரியும். மன்ரோவியாவுக்கு அருகே ஹார்பல் என்ற இடத்தில் 1926 முதல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் ரப்பர் தோட்டம் இருக்கிறது. தொழிலாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமாகச் சுமார் 80,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். 2014 மார்ச் 30 அன்று அங்கே ஒரு தொழிலாளியின் மனைவிக்கு எபோலா என்று தெரிந்தது. வேறு மருத்துவமனைக்கு அனுப்பலாமென்றால், ஏற்கும் இடம் நாட்டில் இல்லை. தோட்ட நிர்வாகம் தானே ஒரு தனிமை வார்டை உடனடியாக அமைத்தது. இரசாயனம் சிந்தினால் அணியும் உடைகளைப் பாதுகாப்பு உடையாக்கியது. தொட்டவர்களைக் கண்காணித்தது. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்பி விளக்கச் சொன்னது. குணமானவர்களை ஊர் கூடி வரவேற்கச் செய்தது. ஆகஸ்டில் பெரிய அலை வந்தபோதும் தோட்டம் சமாளித்தது. சுற்றியிருந்த ஊர்கள் திணறின.

காசு உள்ள நிறுவனத்துக்கு இது எளிது என்று சொல்லலாம். உண்மைதான். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில் அப்போது இருந்த மருத்துவர்கள் சுமார் 50 பேர். ஆனால் ஹார்பலில் நடந்ததில் பெரும்பகுதி பணத்தால் நடக்கவில்லை, முதல் வாரத்தில் தொடங்கியதால் நடந்தது.

மலேசியாவின் பங்கும் இதே அளவுகோலுக்குள் வருகிறது. 2014 செப்டம்பரில், எபோலா தொட்ட ஐந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு 20 மில்லியனுக்கும் மேற்பட்ட ரப்பர் கையுறைகளை அனுப்புவதாக மலேசியா அறிவித்தது. பால்மரம் வளரும் லைபீரியாவுக்கு ரப்பர் கையுறை மலேசியாவிலிருந்து போக வேண்டியிருந்தது. கையுறையில்லாமல் பிரசவம் பார்த்த தாதியர் மடிந்துகொண்டிருந்த நேரம் அது. கட்டடம் கட்டும் வல்லமை இல்லாத நாடு, கையில் இருந்ததைக் கேட்ட நேரத்தில் கொடுக்க முன்வந்தது. கியூபாவும் அப்படித்தான். பணமில்லை, ஆனால் மருத்துவர்களும் தாதியரும் உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் சியாரா லியோனுக்கு 165 பேரை அனுப்பியது, பின்னர் மற்ற இரு நாடுகளுக்கும் அனுப்பியது. கட்டடத்தைவிட ஆள்தான் அரிது என்று ஜோன் லியூ போன்றோர் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆளையே அனுப்பிய நாடுகள் மிகச் சில.

உதவி பெறும் பக்கத்தில் நின்ற அனுபவமும் இந்தப் பகுதிக்கு உண்டு. 1998-99இல் ஈப்போ வட்டாரத்திலும் பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களைத் தாக்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் கிருமி மாதிரியை அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலுள்ள சிடிசி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அது வேறு கிருமி என்று அங்கே தெளிவானது. நிப்பா என்று இன்று உலகம் அழைக்கும் கிருமி. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்குமிடத் தொழிலாளர்கள் 11 பேரைத் தாக்கி ஒருவரைப் பலிகொண்டது. அன்று மலேசியாவுக்கு அமெரிக்காவிடமிருந்து வேண்டியிருந்தது மருத்துவமனை அல்ல. ஒரு நுண்ணோக்கியும், அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான்.

வீட்டு வாசலில் வந்த பயம்

வெளிநாட்டு உதவியை மதிப்பிடும்போது உள்நாட்டில் அந்த அரசு எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2014 செப்டம்பர் 30 அன்று, லைபீரியாவிலிருந்து வந்த ஒருவருக்கு டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் எபோலா உறுதியானது. அவர் இறந்தார். அவரைக் கவனித்த இரு தாதியருக்குத் தொற்றி, இருவரும் பிழைத்தனர். அமெரிக்காவே நடுங்கியது. தேர்தல் நேரம் வேறு. "மூன்று நாடுகளிலிருந்தும் யாரையும் விடாதே" என்ற குரல் நாடாளுமன்றத்தில் ஓங்கியது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் அந்த அக்டோபர் முடிவதற்குள் விசா வழங்குவதை நிறுத்தின. ஒபாமா அரசு மறுத்தது. ஐந்து விமான நிலையங்களில் பரிசோதனை, 21 நாள் கண்காணிப்பு, அவ்வளவே.

அரசியலில் இது மலிவான முடிவல்ல. வழியை அடைத்தால் மருத்துவர்களும் போக மாட்டார்கள், சரக்கும் போகாது, நோயாளியும் சொல்லாமல் சுற்றுவழியில் வருவார். நியூயார்க், நியூஜெர்சி மாநில ஆளுநர்கள் அக்டோபர் 24 அன்று, ஆப்பிரிக்காவில் தொண்டு செய்து திரும்புவோருக்குக் கட்டாயத் தனிமை என்று அறிவித்தபோது நடந்ததைப் பார்த்தாலே போதும். ஒரு மாத விடுப்பெடுத்துச் சேவைக்குப் போக நினைத்த தாதி, திரும்பி வந்து மேலும் மூன்று வாரம் அடைபட்டுக் கிடக்க வேண்டுமென்றால் போவாரா? அந்த முடிவுக்காக ஒபாமா அரசுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பெண்ணை, காலி மையங்களைக் காட்டிக் குறைத்துவிடக் கூடாது.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. லைபீரியாவை அமெரிக்காவும், சியாரா லியோனைப் பிரிட்டனும், கினியைப் பிரான்சும் பார்த்துக்கொள்வதென்ற பங்கீடு, பழைய உறவுகளின் வழியே நடந்தது. விடுதலையான அமெரிக்கக் கறுப்பின மக்கள் குடியேறி உருவாக்கிய நாடு லைபீரியா. தலைநகரின் பெயரே ஓர் அமெரிக்க அதிபரின் பெயர். கிருமிக்கு இந்த எல்லைகள் தெரியாது. லைபீரியாவில் தணிந்தபோது சியாரா லியோனில் எரிந்தது. அங்கே படுக்கை வேண்டியிருந்தபோது, எல்லைக்கு இப்பால் காலிப் படுக்கைகள் விரிந்து கிடந்தன.

விட்டுச் சென்றது என்ன?

2015 பிப்ரவரியில் அமெரிக்கப் படையினர் பெரும்பாலோர் திரும்புவதாக அறிவிப்பு வந்தது. லைபீரியா அந்த ஆண்டு மே 9 அன்று முதல்முறையாக எபோலா நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. பிறகும் சிறு சிறு தொற்றுகள் தலைகாட்டி, 2016 ஜூனில்தான் முற்றும் ஓய்ந்தது. காலி மையங்களைப் பிரித்தெடுத்தார்கள். நின்றவை வேறு. 2017இல் லைபீரியாவுக்குச் சொந்தமாக ஒரு தேசியப் பொதுச் சுகாதார நிறுவனம் உருவானது. கனடாவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த தடுப்பூசி 2015இல் கினியில் சோதிக்கப்பட்டு வென்றது. அதே கினியில் 2021 பிப்ரவரி 14 அன்று எபோலா மீண்டும் வந்தபோது, ஒன்பது நாளில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 23 பேரோடு, 12 மரணங்களோடு நின்றது. 2014இல் கழிந்த மாதங்களையும் இந்த ஒன்பது நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2018 ஜனவரியில் யுஎஸ்எய்டின் தணிக்கைத் தலைவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். எபோலாவின்போது அந்த அமைப்பிடம் இத்தகைய சுகாதார நெருக்கடிக்கென்று எழுதி வைத்த கொள்கைத் திட்டம் ஏதுமில்லை, அடுத்த முறைக்கு ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. யார் முடிவெடுப்பது, எப்போது இறங்குவது, நோய் இறங்கினால் கட்டும் வேலையை யார் நிறுத்துவது என்ற கேள்விகள் எல்லாம் அதற்குள் அடங்கும்.

2025 ஜனவரி 20 அன்று புதிதாகப் பதவியேற்ற அமெரிக்க அதிபர், உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகவும் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைக்கவும் கையெழுத்திட்டார். பத்து நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் எபோலா தொற்று அறிவிக்கப்பட்டது. உகாண்டா அதை ஏப்ரல் கடைசியில் அடக்கியது. லைபீரிய அடக்கக் குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்த, 2018 தணிக்கை அறிக்கையைக் கையில் வாங்கிய யுஎஸ்எய்ட், 2025 ஜூலை 1 அன்று தன் வெளிநாட்டு உதவிப் பணியை முடித்துக்கொண்டது.